மூன்று தீவிலும் பதில் இல்லை

உம்முடைய வீட்டுக் கணினிப் பெட்டி சில நாட்களாக இரைந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்கும் சின்ன விசிறி எதையோ அரைப்பது போன்ற சத்தம். இன்று காலை அதை என்னுடைய மேசைக்குக் கொண்டுவந்து, மின்கம்பியைக் கழற்றி, மூடியைத் திறந்தேன். கற்பூர வாசம் வந்தது. அதற்குப் பின்னால் சாம்பிராணி. விசிறியின் இதழ்களில் வெள்ளையாகப் படிந்திருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தேன். விபூதி. தூசி போகாத இடம் என்று நீர் தேடிப் பிடித்து வைத்த இடத்தின் இலட்சணம் இது. சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும், இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தூரிகையால் இதழ் இதழாகத் துடைக்கத் தொடங்கினேன்.

நீர் போன பிறகு நடந்த ஒரு கதையை உமக்குச் சொல்லவேண்டும். நீர் இருந்திருந்தால் அது நடந்தே இராது. எனக்கு இன்னும் அதில் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியும் தலைகீழாகத்தான் விளங்கியது. எங்கள் இரண்டு பேரில் குழப்பம் என்னுடைய இலாகா, தெளிவு உம்முடைய இலாகா என்று நீரே பங்கு பிரித்து வைத்திருந்தீர். இப்போது இரண்டையும் நான்தான் பார்க்கிறேன், அதனால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன.

உமக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கு ஒரு ஒழுங்கு வருகிறது.

தீவுகளின் கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு உப்பேறிச் சவராகிறது என்று அளந்து சேர்த்து வைப்பதுதான் எங்கள் திட்டம். வீட்டுக்காரரே கிழமைக்கு ஒருமுறை அளக்கும் கருவியைத் தண்ணீரில் தோய்த்துப் பார்த்துத் தொலைபேசியில் அனுப்புவார்கள். ஒரு கிணற்றுக்கு ஒரு கோப்பு. எல்லாவற்றையும் யாழ்ப்பாணத்துக் கந்தோரில் ஒரே கணினியில் வைத்துவிடுவோம் என்றுதான் நான் சொன்னேன். நீர் கேட்கவில்லை. "காத்தடிச்சால் இஞ்சை லைன் அறுந்துபோகும். எங்கடை கிணத்துக் கணக்குப் பார்க்க நாங்கள் பண்ணைப் பாலம் தாண்டவேணுமோ?" என்று கேட்டீர். அப்படித்தான் மூன்று பெட்டிகள் வந்தன. ஒவ்வொரு கோப்பையும் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் மூன்று பிரதி எடுத்து, மூன்று பெட்டியிலும் வைப்பது. புங்குடுதீவில் ஒன்று, நயினாதீவில் ஒன்று, நெடுந்தீவில் ஒன்று. எந்தத் துண்டு எந்தக் கோப்புக்கு உரியது, அது எங்கே இருக்கிறது என்ற நினைவு மட்டும் நாரந்தனையில் என் வீட்டிலிருக்கும் தலைப்பெட்டியில்.

"ஒரு தீவைக் கடல் கொண்டுபோனாலும் மற்ற ரெண்டிலையும் இருக்கும்" என்றீர்.

"தீவையே கடல் கொண்டுபோனால் பிறகு ஆர் கிணத்தைத் தேடப்போகினம்?" என்று நான் கேட்டேன். நீர் தேநீர்க் கோப்பையை எடுத்தீர். பதில் இல்லாத இடங்களில் தேநீர் குடிப்பது உம்முடைய வழக்கம்.

பெட்டிகளை எங்கே வைப்பது என்பதில்தான் நாங்கள் படாத பாடு பட்டோம். பள்ளிக்கூடத்தில் வைத்தோம், தொலைபேசிக்கு மின்னேற்ற யாரோ எங்கள் கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள். சங்கக்கடையில் வைத்தோம், எலி கம்பியைக் கடித்தது. ஆளில்லாத வீடுகள் ஊரில் நிறையக் கிடந்தன, ஆனால் ஆளில்லாத வீட்டில் மின்சாரமும் இல்லை. கடைசியில் உமக்கு ஒரு யோசனை பிடிபட்டது. பிடிபட்ட அன்று வேலியருகே மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே கூப்பிட்டுச் சொன்னீர்.

"சாமியறை. செருப்போடை ஒருத்தரும் போகாயினம். பிள்ளையள் கைவைக்காதுகள். தூசி இல்லை. சாமிப் படத்துக்கு முன்னாலை அந்தச் சின்னச் சிவத்த பல்ப் ராப்பகலா எரியுது எல்லே. அந்த விளக்குக்கும் பெட்டிக்கும் ஒரே சுவிச். சாமி விளக்கை ஆரும் அணைச்சு நூர்ப்பினமோ?"

நான் வேதக்காரி. எங்கள் வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரிதான், அதுவும் நினைத்தால் கொளுத்துவோம். "உங்கடை சாமியைக் காவலுக்கு வைக்கிறீரோ? சம்பளமும் இல்லை" என்று பகிடி பண்ணினேன். "சம்பளம் கேக்காத ஒரே உத்தியோகத்தர்" என்றீர்.

மூன்று வீடும் உம்முடைய ஆட்களுடைய வீடுகள். சாமியறைக்குள் பெட்டி வைக்க வேறு யார் விடுவார்கள்? புங்குடுதீவு மடத்துவெளியில் உம்முடைய வீடு. நயினாதீவில் உம்முடைய பெரியப்பா வீடு. நெடுந்தீவில் உம்முடைய சித்தப்பாவின் மகன் வீடு. மூன்று இடத்திலும் நீரே போய் ஒரே மாதிரிக் கம்பி இழுத்தீர், ஒரே மாதிரிச் சுவிச்சுப் போட்டீர். அதற்குப் பிறகு யாரும் கைவைத்து ஒரு பெட்டி நின்றது கிடையாது. சாதாரண மின்வெட்டில் நின்றாலும் மின்சாரம் வர எல்லாம் தாமாகவே எழும்பிவிடும். நீர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தீர், எனக்கு அது எரிச்சலாகவும் இருந்தது.

ஒவ்வொரு காலையும் சோதனைக் கருவி என்ற நிரலை ஓட்டிப் பார்ப்பது என்னுடைய வேலை. அது மூன்று பெட்டியையும் கூப்பிட்டு, உன்னிடம் இருக்கவேண்டியது இருக்கிறதா என்று கேட்டு, கோப்பு வாரியாக அறிக்கை எழுதும். பிரதி மூன்றும் பதில் சொன்னால் நலம். ஒன்றோ இரண்டோ சொல்லாவிட்டால் குறைவு. மூன்றுமே சொல்லாவிட்டால் பழுது. அந்தக் கருவியோடு நான் சண்டை பிடித்த நாட்களில் நீர் அதற்காகப் பரிந்து பேசுவீர். "அது பாவம். கேட்ட கேள்விக்குப் பதில் வந்தால் உண்டு, வராட்டில் இல்லை. வேறை ஒண்டும் அதுக்குத் தெரியாது."

நீர் போன செய்தி வந்தபோது நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். நெஞ்சு நோகுது என்று சொன்னீராம், யாழ்ப்பாணம் கொண்டுபோகிற வழியில் பாலத்திலேயே முடிந்துவிட்டதாம். நான் கையைக் கழுவினேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. உம்முடைய வீட்டு முற்றத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். எனக்கு அங்கே என்ன முறை, எங்கே நிற்பது, எதற்கு அழுவது என்று ஒன்றும் தெரியவில்லை. உறவுக்காரர் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. கூட வேலை செய்தவளுக்கு ஒன்றும் இல்லை. உம்மைத் தூக்கிக்கொண்டு போனதும் கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை, வேறென்ன செய்வது என்று தெரியாமல், கருவியை ஓட்டினேன். எல்லாக் கோப்புக்கும் குறைவு என்று வந்தது. உம்முடைய வீட்டுப் பெட்டி பதில் சொல்லவில்லை. செத்தவீட்டில் ஆயிரம் சோலி, யாராவது கம்பியை இழுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த நாள் நயினாதீவும் பேசவில்லை. அதற்குப் பிறகு நெடுந்தீவும் பேசவில்லை. அன்று வந்த அறிக்கையை நீர் பார்த்திருக்கவேண்டும். கிணறு கிணறாகப் பெயர் வருகிறது, பெயருக்கு எதிரே பழுது என்று வருகிறது. பனையடிக் கிணறு, பழுது. பள்ளிக்கூடக் கிணறு, பழுது. மலர் அக்கா வீட்டுக் கிணறு, பழுது. பட்டியலின் அடிவரைக்கும் அப்படியே.

எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. ஒரு பெட்டி சாகும், அது இயல்பு. மூன்று தீவில், நடுவில் கடலை வைத்துக்கொண்டு, மூன்று பெட்டி ஒரே கிழமையில் சாகுமா? இடியில்லை, மழையில்லை. பெட்டிகளைத் தலைப்பெட்டியோடு தொடுக்கும் கூரை அலைவாங்கிகளா? மூன்றுமா? ஒருவேளை பழுதானது தலைப்பெட்டிதானோ என்று அதையும் கழற்றிப் பூட்டினேன். ஒரு நேரம், அந்தப் பெட்டிகளும் உம்முடைய செத்தவீட்டுக்குப் போய்விட்டன போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். நினைத்துவிட்டு, எனக்குத் தலை கழன்றுவிட்டது என்று பயந்தேன்.

நயினாதீவுக்கு அழைத்தேன். உம்முடைய பெரியப்பாவிடம் துக்கம் விசாரித்துவிட்டு, பெட்டியை யாராவது தொட்டார்களா என்று மெல்லக் கேட்டேன்.

"சீச்சீ. அந்தப் பக்கமே ஒருத்தரும் போறேல்லைப் பிள்ளை. அறைக் கதவும் சாத்திக் கிடக்கு. உம்மடை பெட்டி பத்திரமா இருக்கு."

நெடுந்தீவுக்கு அழைத்தேன். உம்முடைய சித்தப்பாவின் மகனும் அதையே சொன்னார். "கரண்டெல்லாம் இருக்கு அக்கா. பெட்டிக்கு ஒண்டும் நடக்கேல்லை. நான் பொறுப்பு."

எல்லோரும் பொய் சொல்லாதவர்கள். எல்லாப் பெட்டியும் பத்திரம். எல்லாக் கோப்பும் பழுது. இதற்கு என்ன அர்த்தம்? சோளகக் காற்றுத் தொடங்கிக் கடல் குழம்பியிருந்தது, குறிகட்டுவான் துறையில் படகு ஒருநாள் ஓடினால் மறுநாள் இல்லை. ஓடினாலும் நான் போய் எதைப் பார்ப்பேன்? உம்முடைய வீட்டுக்கு மட்டும் பாலத்தால் பஸ்ஸில் போகலாம். எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கன்று அங்கே வந்தேன். உம்முடைய மனைவி எனக்குத் தேநீர் தந்தார். கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பெட்டிக் கதை எப்படிக் கதைப்பது? கூரையில் அலைவாங்கி நேராக நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

இதற்கிடையில் திட்டக் கந்தோரிலிருந்து அழைப்பு. அங்கே பொறுப்பாக இருப்பவரை உமக்குத் தெரியும், எதற்கும் அறிக்கை கேட்கிற மனிதர். நான் நிலைமையைச் சொன்னேன்.

"பழுதெண்டு வந்தால் அழிக்கிறதுதானே தங்கச்சி. அந்தக் கருவியிலேயே வழியிருக்காம். அழிச்சுப்போட்டுப் புதுசா அளக்கத் தொடங்குங்கோ. அறிக்கையிலை பழுது எண்டு நிண்டால் மேலிடம் என்னைத்தான் கேக்கும்."

வழி இருக்கிறதுதான். ஒரு கட்டளை போதும், பழுதென்று பெயர் வந்தவை எல்லாம் தலைப்பெட்டியின் நினைவிலிருந்து போய்விடும். அறிக்கை பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் அப்படிச் செய்தால் நாளைக்கு அந்தப் பெட்டிகள் உயிரோடு திரும்பி வந்தாலும், தலைப்பெட்டி அவற்றிடம் இருப்பதை இது யாருடையதோ குப்பை என்று சொல்லிக் கொட்டச் சொல்லிவிடும். இதை அவருக்கு எத்தனை விதமாகச் சொல்லியும் ஏறவில்லை. பழுதானது எப்படித் திரும்பி வரும் என்று கேட்டார். எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியாமலே, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொறுக்க முடியாமல் செய்தவர் மலர் அக்கா. மடத்துவெளியிலிருந்து பஸ் ஏறி நாரந்தனைக்கே வந்துவிட்டார். அவருடைய காணிக்குப் பக்கத்துக் காணி வெளிநாட்டுக்காரருடையது, அதை ஒருவர் வாங்கி, குழாய்க் கிணறு இறக்கி, பவுசர் லொறியில் தண்ணீர் விற்கப் பிரதேச சபையில் அனுமதி கேட்டிருக்கிறார். போன கோடையில் அவர் பெரிய பம்பு வைத்து இறைத்துப் பார்த்தபோது மலர் அக்காவின் கிணறு சவராகிப்போனது. இறைப்பை நிறுத்திய பிறகுதான் மெல்ல மெல்ல இறங்கியது. வேலிகளுக்கு நடுவே போகும் அந்த ஒழுங்கையில் வீடுள்ள எல்லாரும் குடிப்பது அந்த ஒரு கிணற்றுத் தண்ணீர்தான். சபையில் கேட்கப்போகிறார்கள், சவரானது என்று சொல்வதற்கு என்ன அத்தாட்சி என்று. அத்தாட்சி எங்கள் கோப்பு.

"கூட்டம் வாற கிழமை. அவர் உயிரோடை இருந்திருந்தால் நான் உம்மைக் கரைச்சல்படுத்தியிருக்க மாட்டன் பிள்ளை" என்றார் மலர் அக்கா. நான் திரையைத் திருப்பி அவருடைய கிணற்றின் பெயரைக் காட்டினேன். பழுது என்று நின்றது.

அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "பழுதாகிறதுக்கு அது என்ன மீனோ? கிழமைக்குக் கிழமை நான் அனுப்பின கணக்கு. உங்கடை மூண்டு வீட்டிலையும் இருக்கெண்டு அவர்தானே சொன்னவர்?"

"மூண்டு வீடும் பதில் சொல்லுதில்லை அக்கா."

"அப்ப வீட்டிலை போய்க் கேக்கிறதுதானே."

"செத்தவீட்டிலை போய் என்னெண்டு அக்கா?"

"என்ரை கிணறு செத்தால் ஒழுங்கை முழுக்கச் செத்தவீடு. எழும்பும்."

அவரோடு பஸ் ஏறினேன். வழி முழுக்க, என்ன சொல்லித் தொடங்குவது என்று வாக்கியம் கட்டிக்கொண்டு வந்தேன். உம்முடைய வீட்டு வாசலில் கட்டியதெல்லாம் அவிழ்ந்துபோயிற்று. மலர் அக்காவே கேட்டுவிட்டார்.

"பெட்டியோ? சாமியறையிலைதான் கிடக்கு" என்றார் உம்முடைய மனைவி. "நாங்கள் ஒருத்தரும் உள்ளுக்குப் போறேல்லை. அவர் வைச்ச மாதிரியே இருக்கு."

"ஆரும் கரண்டை நிப்பாட்டினவையோ?" என்று கேட்டேன்.

"கரண்ட் ஒருத்தரும் நிப்பாட்டேல்லை. விளக்கைத்தான் நூர்த்தது. துடக்கு வீட்டிலை சாமிக்கு விளக்கு எரியிறேல்லைத்தானே. அவரைத் தூக்கின அண்டைக்கே நூர்த்து, கதவைச் சாத்திப்போட்டம். இனி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சு துடக்குக் கழிச்சுத்தான்."

சாமி விளக்கை யாரும் அணைக்கமாட்டார்கள். உண்மைதான். வீட்டில் ஒரு சா விழுந்தால் ஒழிய. துடக்கு என்பது சாத்தீட்டு, அது இரத்த உறவு முழுக்கப் போகுமாம்; உம்முடைய பெரியப்பாவுக்கு உம்மோடு துடக்கு. சித்தப்பாவின் மகனுக்கும் துடக்கு. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், செத்தவீட்டிலிருந்து படகு கிடைத்து வீடு திரும்பத் திரும்ப, ஒவ்வொருவராகப் போய் அந்தச் சிவப்பு விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அவர்கள் பெட்டியைத் தொடவேயில்லை. அவர்கள் சொன்னது அத்தனையும் சத்தியம். ஒரு தீவைக் கடல் கொண்டுபோனாலும் தாங்கும் என்று நீர் கட்டிவைத்தது ஒரு ஆளுடைய சாவைத் தாங்கவில்லை, அந்த ஆளும் நீர்தான்.

நான் தட்டுத்தடுமாறி இதைச் சொல்லி முடிக்க, உம்முடைய மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எல்லாத்தையும் யோசிக்கிற மனிசன். இதை யோசிக்கேல்லையே" என்றார். பிறகு அதே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மலர் அக்கா அவருடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு உம்மில் கோபம் கோபமாக வந்தது.

விளங்கியது சரி, இனி என்ன செய்வது? கூட்டம் அந்தியேட்டிக்கு முந்தியே வருகிறது. துடக்கு வீட்டில் சாமி விளக்கைப் போடுங்கள் என்று நான் கேட்கமாட்டேன், கேட்கவும் கூடாது. அந்த அறைக்குள் போய்ப் பெட்டியை வெளியே எடுத்தால் போதும், ஆனால் போவது யார்? உம்முடைய மனைவிக்கு ஏலாது. மலர் அக்கா தன் பாட்டில் கணக்குப் பார்த்துவிட்டு, "எனக்கும் தூரத்துச் சொந்தம், தள்ளித் துடக்கிருக்கு" என்றார். மடத்துவெளியில் பாதிப் பேருக்கு அப்படித்தானே.

உம்முடைய மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உமக்குத் துடக்கில்லை. நீர் போய் எடும்."

"நான் வேதம் எல்லே."

"அதுக்கென்ன? காலைக் கழுவிப்போட்டுப் போம்."

கிணற்றடியில் காலைக் கழுவினேன். கழுத்திலிருந்த சிலுவையைச் சட்டைக்குள் விடுவதா வெளியே விடுவதா என்று தெரியாமல், ஒருமுறை உள்ளே விட்டு, பிறகு வெளியே எடுத்துவிட்டேன். கதவைத் திறக்க, அடைந்து கிடந்த வாசம் வந்தது. பிள்ளையார் படத்தில் நீர் உயிரோடு இருந்தபோது வைத்த பூ காய்ந்து கறுத்திருந்தது. உம்முடைய கைப்பட்ட கடைசிப் பூவாக இருக்குமோ என்று தோன்றியது, கேட்டுத் தெரிந்துகொள்ளத் துணிவில்லை. பிள்ளையாரிடம், மன்னிக்கவேணும், வேலை விஷயம் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கம்பியோடு தூக்கிக்கொண்டு வந்தேன்.

குசினியில், உரலுக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கில் குத்தினோம். மலர் அக்கா பெட்டிக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டார். பச்சை விளக்கு மின்னத் தொடங்கியது. என்னுடைய மடிக்கணினியில் கருவியை ஓட்டினேன். கொஞ்சம் யோசித்தது. பிறகு கிணறு கிணறாகக் குறைவு, குறைவு என்று எழுதிக்கொண்டு போயிற்று. மூன்றில் ஒன்று பதில் சொல்கிறது. ஒன்று போதும். குறைவு என்ற சொல்லைப் பார்த்து என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் சந்தோஷப்பட்டேன். "இருந்த கணக்கிலை ஒரு துண்டும் குறையேல்லையோ?" என்று மலர் அக்கா திரும்பத் திரும்பக் கேட்டார். அவருடைய கிணற்றைத் திறந்து காட்டினேன். பம்பு இறைத்த கிழமைகள், சவர் ஏறியது, இறங்கியது, எல்லாம் அவர் அனுப்பியபடியே இருந்தன.

சபைக் கூட்டத்தில் அந்தப் பவுசர்க்காரர், கணினியில் யாரும் எதையும் எழுதலாம் என்று வாதாடினார். மலர் அக்கா எழும்பி, "ஓம், எழுதலாம். உம்மடை பம்பு ஓடின கிழமையளை நீரே சொல்லும், பிறகு பிள்ளை எழுதினதைத் திறந்து பார்ப்பம்" என்றார். அவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார். சபை அனுமதி கொடுக்கவில்லை. இப்போதைக்கு இல்லை என்றுதான் சொன்னார்கள், ஆனாலும் ஒழுங்கை இன்னும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. திரும்பும்போது மலர் அக்கா எனக்கு ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர் தந்தார். நல்ல தண்ணீர்.

கீரிமலையில் உம்முடைய அந்தியேட்டி முடிந்தது. ஐயர் வந்து வீடுகளில் துடக்குக் கழித்தார். அதற்கு மறுநாள் நான் ஒன்றும் செய்யாமலே நெடுந்தீவுப் பெட்டி பேசியது, மத்தியானத்துக்குள் நயினாதீவும் பேசியது. விளக்கைப் போட்டுவிட்டார்கள் என்று விளங்கியது. எல்லாக் கிணறும் நலம் என்று அறிக்கை வந்தது. கந்தோர்க்காரர் அழைத்து, பார்த்தீரா, சுத்தமாகிவிட்டதே என்று என்னைப் பாராட்டினார். என்னத்துக்குப் பாராட்டுகிறார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்னும் எனக்கு விளங்காதது ஒன்று இருக்கிறது. துடக்கு எனக்குத் தெரியாத சங்கதி, உமக்குத் தெரிந்த சங்கதி. தீவுக்குத் தீவு கம்பி இழுத்தபோது, எலியை யோசித்தீர், காற்றை யோசித்தீர், பிள்ளைகளின் கையை யோசித்தீர். இதை மட்டும் எப்படி விட்டீர்? மறந்தீரா? அல்லது யோசிக்கத் தொடங்கினால் பெரியப்பாவில் ஆரம்பித்து ஒவ்வொருவராகச் சாகவைத்துப் பார்க்கவேண்டும் என்று மனம் வராமல் விட்டீரா? அந்த வரிசையில் நீர் முன்னுக்கு நின்றிருக்கமாட்டீர், அது நிச்சயம். ஒவ்வொரு நாளும் வேறு வேறு பதில் வருகிறது. சில நாள் உம்மைத் திட்டுகிறேன். சில நாள், அப்படியே விட்டது நல்லது, நீர் உம்முடைய சாவைக் கணக்குப் போட்டுக்கொண்டு திரியவில்லையே என்று ஆறுதலாக இருக்கிறது.

பெட்டிகளை இப்போது இடம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு பெட்டி எங்கே நிற்கிறது என்று எழுதிவைக்கச் சொல்லித் தலைப்பெட்டி கேட்கும். ஒரே இடத்தில் எல்லாப் பிரதியும் விழாமல் இருக்க அதுதான் வழி. முன்பு நாங்கள் தீவின் பெயரை எழுதினோம். நான் இப்போது துடக்கை எழுதுகிறேன், ஒரே சாவில் மூன்றும் அணையாமல் இருக்க. புது வீட்டுக்குப் போனால் மின்சாரம் எப்படி என்று கேட்பதற்கு முதல், உங்களுக்கு ஆரோடை துடக்கு என்று கேட்கிறேன். சனம் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறது. வேதக்காரிக்கு இது என்னத்துக்கு என்று நயினாதீவில் ஒரு அம்மா நேரடியாகவே கேட்டுவிட்டார். கணினிக்கு வேண்டும் என்றேன். அவர் விரல் மடித்துச் சொந்தங்களைச் சொல்லத் தொடங்கினார்.

அப்படிக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு போகும்போது ஒருநாள் பட்டியலில் என்னுடைய வீட்டுக்கு வந்தேன். நாரந்தனை. ஆரோடை துடக்கு? உம்முடைய பெயருக்கு நேரே என்னை எழுத இடமில்லை. நீர் போன மறுநாள் நான் கருவியை ஓட்டினேன், அதற்கடுத்த நாள் சந்தைக்குப் போனேன், மீன் வாங்கினேன், மாதா கோயிலுக்குப் போனேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. எந்த விளக்கையும் நான் அணைக்கவேண்டியிருக்கவில்லை. எனக்குத் துடக்கில்லை என்றபடியால்தான் அந்த அறைக்குள் போக முடிந்தது, ஒரு ஒழுங்கையின் தண்ணீரும் தப்பியது. அதெல்லாம் சரிதான். ஆனால் உம்முடைய ஆட்களுக்கு ஒரு நாள் வந்தது. அன்று ஐயர் வந்து மந்திரம் சொல்லித் தண்ணீர் தெளித்துத் துடக்கைக் கழித்தார், அவர்கள் எழும்பிப் போய் விளக்கைப் போட்டார்கள். எனக்குத் துடக்கில்லை. அதைக் கழிக்க ஒருவரும் வரப்போவதுமில்லை.